ஏட்டையாவின் கீச்சுக் குரல்

"வணக்கம். தர மேம்பாட்டுப் பயிற்சி முடிச்சவங்ககிட்ட பேசணும். இது அவங்க நம்பர்தானே?"

போனில் கேட்டது ஒரு பெண் குரல். சாதாரணக் கேள்விதான். ஆனால் ஏட்டையாவுக்கு இடுப்பு வேட்டி நழுவுகிற மாதிரி இருந்தது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு... யாரு வேணும்?"

"பேரு எங்களுக்குத் தெரியாதுங்க. ஆய்வு விதிப்படி பயிற்சியாளர் எண்ணும் போன் நம்பரும் மட்டும்தான் எங்க கைக்கு வரும். ஆஸ்பத்திரித் தர மேம்பாடு, இணையவழிப் பயிற்சி. அதுல தேர்வு எழுதி முழு மார்க் வாங்கினது நீங்கதானே?"

'இல்லைம்மா, அது என் பெண்டாட்டி. இப்போ டூட்டியில இருக்கா' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது? மனுஷனுக்கு அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை. தொண்டையைச் சுருக்கினார். வேட்டியை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்.

"ஆமாம்மா... நான்தான் எழுதுனேன்" என்றார், கீச்சுக் குரலில்.

அப்படி ஒரு குரல் தன் வயிற்றுக்குள் இருந்தது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். சொன்ன கையோடு மீசையையும் மூடிக்கொண்டார், போனுக்குக் கண் இருக்கிற மாதிரி.

"என்னம்மா, தொண்டை கட்டியிருக்கா?"

"ஆமாம்மா. சாரல்ல நனைஞ்சிட்டேன்."

"பாத்துக்கோங்க. என் பேரு நிலோபர். இந்தப் பயிற்சியால நிஜமாவே ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா, இல்ல எல்லாரும் வீடியோவ ஓடவிட்டுட்டு வேற வேலை பார்க்காங்களான்னு மதிப்பீடு பண்றோம். நாளைக்குக் காலையில அரை மணி நேரம் பேசலாமாம்மா?"

"பேசலாம்மா" என்றது கீச்சுக் குரல்.

போனை வைத்த பிறகு ஏட்டையா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் வீடு. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது. அவர் பெண்டாட்டி ஆனந்தவள்ளி தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நல்ல மனுஷனைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

ஏட்டையா ஸ்டேஷன் வாசலில் நின்று "ஏலே!" என்று ஒரு சத்தம் போட்டால் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவன் எழுந்து நிற்பான். அப்பேர்ப்பட்ட தொண்டை. ஓய்வு பெற்ற மறுநாளே அது அடங்கிப் போய்விட்டது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் எதிர்ச்சுவர்தான் துணை.

"அத்தான், தோசையா இட்லியா?"

"எதுனாலும்."

"சேனல் மாத்தவா?"

"உன் இஷ்டம்."

ஒருநாள் சாப்பிடும்போது ஆனந்தவள்ளி சொன்னாள். "ஆஸ்பத்திரியில தரக் குழுன்னு ஒண்ணு போடுதாவ. நோயாளி வீட்டு ஆளுங்க, பொதுமக்கள் எல்லாரும் அதுல இருக்கணுமாம். ஒருத்தரும் வர மாட்டேங்காவ."

"ம்."

"அத்தான், வீட்ல நீங்க இருக்கியளான்னே தெரிய மாட்டேங்குது."

அதற்கும் ஒரு "ம்."

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் அவருடைய போனை எடுத்து என்னமோ தட்டினாள். அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் பயிற்சிய முடிக்கச் சொல்லுதாவ. இதுலயே படிச்சு இதுலயே பரீட்சையும் எழுதணுமாம். எனக்கு டூட்டி பாக்கவே நேரம் இல்ல. கொஞ்சம் பாருங்களேன்."

"என் போன்ல எதுக்கு?"

"என் போன்ல இடம் இல்ல. பூரா உங்க மவன் போட்டோ."

திரையில் பேர் எதுவும் இல்லை. நீளமாக ஒரு பயிற்சியாளர் எண் மட்டும் இருந்தது. வேண்டாவெறுப்பாகத் திறந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்து முதல் பாடத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு தப்பு நடந்தால் அதை யார் செய்தார் என்று தேடாதீர்கள், ஏன் நடந்தது என்று தேடுங்கள். ஆளைத் திருத்தினால் ஒரு ஆள் திருந்துவார், முறையைத் திருத்தினால் எல்லாருக்கும் நல்லது.

ஏட்டையாவுக்கு வந்ததே கோபம்.

"என்னட்டி இது அநியாயமா இருக்கு! யாரு செஞ்சான்னு கேக்கலேன்னா பெறவு போலீஸ் ஸ்டேஷன் எதுக்கு? லாக்கப் எதுக்கு? நாங்கள்லாம் இத்தன வருசம் என்னத்தப் புடுங்குனோமாம்?"

அடுப்படியில் ஆனந்தவள்ளி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் அத்தனை நீளமான பேச்சு கேட்டு மாசக்கணக்கு ஆகியிருந்தது.

"அதான, நல்லாக் கேளுங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் ஏட்டையாவைப் பிடிக்க முடியவில்லை. டாக்டரம்மாவோடு சண்டை போடுவதற்காகவே அடுத்த பாடத்தைப் பார்த்தார். அதற்கு அடுத்ததையும் பார்த்தார். ஒரு தப்பின் வேரைப் பிடிக்க ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. இது அவருக்குப் பிடித்துப் போயிற்று. விசாரணை மாதிரி இருந்தது, அடி மட்டும்தான் இல்லை. முதலில் வீட்டு சாம்பாரில் ஆரம்பித்தார்.

"உப்பு ஏன் கூடுச்சு?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன்."

"ஏன் ரெண்டு தடவ போட்ட?"

"போட்டது மறந்துட்டு."

"ஏன் மறந்துச்சு?"

"கவனம் வேற பக்கம் போயிட்டு."

"ஏன் போச்சு?"

"ஒரு ஆளு வாசல்ல நின்னுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தாரு."

"அவரு ஏன் பேசுனாரு?"

"நேத்து உப்பு ஏன் கொறஞ்சிச்சின்னு கேக்க வந்தாரு."

"பாத்தியா! மூல காரணம் ஆம்புட்டுட்டு!" என்று ஏட்டையா துள்ளினார். அன்றிலிருந்து சமைக்கும்போது அடுப்படிப் பக்கம் போவதில்லை என்று தன் மேல் தானே ஒரு விதி போட்டுக்கொண்டார்.

அடுத்தது ஆஸ்பத்திரி. தினமும் பெண்டாட்டியை பைக்கில் கொண்டுபோய் விடுகிறவர், அப்படியே ஓரமாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். ராயகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் சர்க்கரை நோயாளிகள் வருவார்கள். ரத்தம் கொடுக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று நின்று தலை சுற்றிச் சுவரைப் பிடிப்பார்கள். ஏட்டையா ஜன்னலோரத்து பெஞ்சை அவர்களுக்கென்று ஒதுக்கினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரும் 'நானும் சாப்பிடல' என்று அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் வாயில் வடை இருந்தது.

சரி, ரத்தம் எடுக்கிற அறையே ஏன் தாமதமாகத் திறக்கிறது? அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர் ஏசுவடியான். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர். அவரிடம் போய் "ஏன்?" என்று ஒரு தடவைதான் கேட்டார் ஏட்டையா. "ஐயா, நான் ஒண்ணுமே செய்யலைய்யா!" என்று ஏசுவடியான் கை இரண்டையும் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஏட்டையாவுக்கு உறைத்தது. ஏசுவடியானைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குரலைத் தணித்துக் கேட்டார். அறைக்கு ஒரே ஒரு சாவி. அது ஏசுவடியானின் சட்டைப் பையில் இருக்கிறது. ஏசுவடியான் ரயிலில் இருக்கிறார். ரயில் பாதி வழியில் நிற்கிறது. இதில் யார் மேல் கேஸ் போடுவது? இன்னொரு சாவி செய்து நர்ஸ் மேஜையில் மாட்டினார்கள். கதை முடிந்தது. ராயகிரிக்காரர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் பரீட்சை எழுதினார். முழு மார்க். வாழ்க்கையில் முதல் தடவையாக முழு மார்க்.

அதெல்லாம் சரி. இப்போது மாட்டிக்கொண்டாரே!

ஆனந்தவள்ளியை இன்சார்ஜ் சிஸ்டராகப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. எத்தனையோ வருஷம் கால் கடுக்க நின்று வாங்கப் போகிற பதவி. அவள் பெயரில் புருஷன் பரீட்சை எழுதினான் என்று தெரிந்தால் பதவியும் போகும், மானமும் போகும். ஆள் மாறாட்டம். பழைய சட்டத்தில் நானூற்றுப் பத்தொன்பது. புதுச் சட்டத்தில் என்ன நம்பரோ, நம்பர் மாறினால் மட்டும் விட்டுவிடுவார்களா? தம்பிக்காகப் பரீட்சை எழுத வந்த ஒரு பையனை ஏட்டையாவே ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். "தம்பிக்குக் காய்ச்சல்ங்கய்யா" என்று அவன் அழுதான். "அத ஜட்ஜுகிட்டச் சொல்லு" என்றார் அன்றைய ஏட்டையா. இன்றைக்கு அந்தப் பையன் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் ஆனந்தவள்ளிக்கு வார விடுப்பு. வீட்டில் இருந்துகொண்டு கீச்சுக் குரலில் பேச முடியாது. எங்கே போகலாம் என்று யோசித்தார். சத்தம் இருக்கிற இடமாகப் போனால் குரல் வித்தியாசம் தெரியாது. குற்றாலத்தில் சீசன். மெயின் அருவியில் விழுகிற தண்ணீர்ச் சத்தத்துக்கு எந்தக் குரலும் ஒரே குரல்தான். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அருவிக்கரையில் ஒரே ஜனம். எண்ணெய்ப் பளபளப்போடு ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனார்கள். ஏட்டையா ஒரு தூண் மறைவில் நின்று போனை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா, பயிற்சிக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில என்ன மாற்றம் செஞ்சீங்க?" என்றாள் நிலோபர்.

"ஜன்னலோரத்துல பெஞ்சு போட்டேம்மா."

"கேக்கலம்மா. ஒரே இரைச்சலா இருக்கு. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

கீச்சுக் குரலில் இதுதான் சங்கடம். அதைச் சத்தமாகப் பேச முடியாது. முயற்சி செய்து பார்த்தார். சட்டை போடாத ஒரு மனிதர் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிட்டத்தில் வந்து, "அண்ணாச்சி, கழுத்துல சுளுக்கா? ஒரு தேய் தேச்சா சரியாயிரும்" என்றார். ஏட்டையா கையைக் காட்டி விரட்டினார்.

"வெறும் வயித்தோட வந்தவிய மயங்கி மயங்கி விழுதாவம்மா... எனக்கு மனசே கேக்கல..." என்று கீச்சினார்.

"ஐயா!"

விறைப்பாக ஒரு சல்யூட். ஏட்டையாவின் கீழ் வேலை பார்த்த வேல்ராஜ். சீசன் பந்தோபஸ்துக்கு வந்திருக்கிறான். ஐயாவின் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அவன் கை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது.

"போலே அங்கிட்டு!" என்றார் ஏட்டையா.

அது அவருடைய சொந்தக் குரல். அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நாலைந்து பேர் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும்மா அது?" என்றாள் நிலோபர், பயந்து போய்.

"அது... எங்க வீட்டுக்காரரும்மா. போலீஸ்ல இருந்தவரு. கொஞ்சம் முரட்டு ஆளு."

"உங்கள அடிப்பாராம்மா?"

"சேச்சே! தங்கமான மனுசன்" என்று தனக்குத் தானே நற்சான்றிதழ் கொடுத்தார் ஏட்டையா. வேல்ராஜ் இரண்டு அடி பின்னால் போனான்.

நிலோபருக்குச் சமாதானம் ஆகவில்லை. "அம்மா, போன்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் நேர்லயே வாரேன். எனக்குக் கடையநல்லூர்தான், பக்கம். நம்பரச் சொல்லி ஆபீஸ்ல விலாசம் வாங்கிக்கிடுதேன். உங்கள நேர்ல பாத்தாத்தான் எனக்கும் நிம்மதி."

போயும் போயும் அருவிக்கு வந்து தலையில் தண்ணீர் விடாமல் குளித்துவிட்டார் ஏட்டையா. உடம்பெல்லாம் வேர்வை.

வீட்டில் ஆனந்தவள்ளி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அருவிக்கா போனிய?"

"சும்மாதான்."

"வேல்ராஜ் போன் பண்ணுனான். ஐயாவுக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டான். செங்கோட்டைப் பக்கம் நல்ல மாந்திரீகர் ஒருத்தர் இருக்காராம். கூட்டிக்கிட்டு வரட்டுமான்னான்."

இனி மறைத்துப் பயனில்லை. ஏட்டையா எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்தது, மூக்கைப் பிடித்தது, அருவிக்குப் போனது, வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வரப் போவது எல்லாம் சொன்னார். ஆனந்தவள்ளி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். தோள் இரண்டும் குலுங்கின.

ஏட்டையாவுக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுது அவர் பார்த்ததில்லை.

"அழாதட்டி. வள்ளி, இங்க பாரு. நான் இருக்கம்லா. உன் பதவிக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கையை மட்டும் ஆட்டினாள். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

ஏட்டையாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோர்ட்டுக்குப் போகும் முன்னால் சாட்சியைத் தயார் பண்ணுவது. எத்தனை சாட்சிகளைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்! வெள்ளிக்கிழமைக்குள் ஆனந்தவள்ளியைத் தேற்றிவிடலாம் என்று நினைத்தார்.

காலையில் பைக்கில் போகும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"சின்ன மாற்றத்தைச் சோதிச்சுப் பாக்க நாலு படி உண்டு. சொல்லு."

"திட்டமிடு, செய்..."

"அடுத்தது?"

"திட்டு."

"ஏட்டி! திட்டமிடு, செய், கவனி, திருத்து!"

"நம்ம வீட்ல நீங்க அப்படித்தான செய்வியன்னு நெனச்சேன்."

"சரி, அஞ்சு தடவ ஏன் கேக்கணும்?"

"முத தடவ கேக்கும்போது ஒழுங்காச் சொல்லலேன்னா."

ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டார், பைக் ஓட்டிக்கொண்டே. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் இப்படி மக்காக இருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. பயத்தில் மூளை மழுங்கிவிட்டது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பாடம் முடியட்டும் என்று பைக்கை மெதுவாக ஓட்டினார். சாரல் வலுத்தால் டீக்கடையில் ஒதுங்கினார்கள். சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவள் அதை ஊதி ஊதித் தின்றுகொண்டே தப்புத் தப்பாகப் பதில் சொன்னாள். இவர் கத்தினார். டீக்கடைக்காரர் சிரித்தார். புதுசாகக் கல்யாணம் ஆன காலத்தில்கூட இவர்கள் இவ்வளவு பேசினதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஆனந்தவள்ளி மதியமே டூட்டி முடிந்து வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நிலோபரும் வந்தாள். சின்னப் பெண். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, "இப்பதான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன் சார். அந்த பெஞ்சப் பாத்தேன்" என்றாள். விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கே போய் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஏட்டையா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பயிற்சி முடிச்சவங்க..." என்று நிலோபர் அவரையே பார்த்தாள்.

"இந்தா, இவதான். பூராம் இவளே படிச்சா. ராவும் பகலுமாப் படிச்சா" என்று பெண்டாட்டியை முன்னால் தள்ளினார்.

நிலோபர் ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். ஆனந்தவள்ளி முந்தானையைச் சரிசெய்தாள்.

"அவரு சொல்லுதபடியே கேளுங்கம்மா" என்றாள்.

ஏட்டையா நிலோபருக்குப் பின்னால், அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டார். அங்கேயிருந்து கை ஜாடை காட்டலாம்.

"பயிற்சியில உங்க மனசுல நின்னது எதும்மா?"

ஏட்டையா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ஆனந்தவள்ளி அதைப் பார்த்தாள். யோசித்தாள். "அந்த டாக்டரம்மா கட்டியிருந்த சேலை" என்றாள்.

"பயிற்சிக்கு அப்புறம் என்ன மாத்துனீங்க?"

ஏட்டையா உட்கார்ந்து காட்டினார். எழுந்து காட்டினார். பெஞ்சு, பெஞ்சு என்று காற்றில் நீளமாக வரைந்து காட்டினார்.

"நான் ஒண்ணும் மாத்தலியேம்மா."

"அந்த ஜன்னலோரத்து பெஞ்சு? ரெண்டாவது சாவி?"

"அது நான் செஞ்சதில்லம்மா. யாரோ ஒரு நல்ல மனுசன் செஞ்சாரு."

பிறழ் சாட்சி! தன் சர்வீஸில் எத்தனையோ சாட்சிகள் கூண்டில் ஏறிப் பிறழ்ந்து பார்த்திருக்கிறார். கட்டின பெண்டாட்டி பிறழுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் கோபம் வரவில்லை. சாவியும் பெஞ்சும் தன் வேலைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி கைக்கு வந்துவிடும். அதைக்கூட அவளுக்குப் பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லையே என்றுதான் தோன்றியது. அப்படிப்பட்டவளையா நான் மாட்டிவிட்டேன்?

"போதும்!" என்றார்.

பழைய குரல். ஸ்டேஷன் வாசல் குரல். அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டு கிணுங்கியது. தெருவில் நாய் ஒன்று குரைத்தது.

"அம்மா, நான்தான் எழுதுனேன். எல்லாப் பாடமும் நான்தான் பாத்தேன். போன்ல பேசுனதும் நான்தான்."

நிலோபர் வாயைத் திறப்பதற்குள், ஆதாரம் வேண்டுமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம்மா, சாரல்ல நனைஞ்சிட்டேன்" என்று கீச்சினார். நிலோபர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவள் குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"சிரிக்காதம்மா, கேளு" என்றார் ஏட்டையா. "நீங்க சொல்லிக் குடுத்த முத பாடத்தத்தான் சொல்லுதேன். யாரு தப்புன்னு பாக்காதிய. ஏன் நடந்துச்சின்னு பாருங்க. இவ காலையில நின்னான்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கா. பாதம் வீங்கி வீட்டுக்கு வாரா. வந்து அடுப்படியில நிக்கா. இவ எந்த நேரத்துலம்மா படிப்பா? நான் சும்மா கெடந்தேன், சொவரப் பாத்துக்கிட்டு. அதான் படிச்சேன். படிக்கப் படிக்கப் பிடிச்சிட்டு, அதையும் மறைக்கல. திரும்பவும் மனுசனா ஆன மாதிரி இருந்துச்சும்மா. கேஸ் போடணும்னா என் மேல போடுங்க, எந்த செக்‌ஷன்னாலும் சரி. இவ பதவிய மட்டும் தொட்டுராதிய. இவள மாதிரி ஒருத்தி உங்களுக்குக் கெடைக்க மாட்டா."

ஆனந்தவள்ளி அழுதாள். இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்று, நிலோபர் இருப்பதைக்கூடப் பார்க்காமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிலோபர் பேனாவைப் பையில் வைத்தாள்.

"சார், மதியம் ஆஸ்பத்திரியில சிஸ்டரே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவங்க பரீட்சைய உங்களுக்கு முன்னாடியே எழுதி முடிச்சிட்டாங்க, நீங்க எழுதுனது பொதுமக்கள் பிரிவுல, உங்க பேர்ல அவங்களே பதிஞ்சது... வீட்ல உங்க சத்தத்தக் கேட்டு ரொம்ப நாளாச்சுன்னு."